திரையில் பேசுவதும் சிகிச்சைதான்

"போனில் கதைத்தால் மனம் ஆறுமா?" என்று கேட்பவர்கள், பதகளிப்பை வெறும் பயம் என்றே எண்ணுகிறார்கள். 2004 சுனாமி இலங்கையின் கிழக்குக் கரையில் மூதூரையும் கிண்ணியாவையும் அடித்தது. முன்னும் பின்னும் போர். அலைச்சத்தம் உரத்தாலே நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, வருடக்கணக்காகக் கடற்கரைப் பக்கமே போகாதிருப்பது கோழைத்தனமல்ல, நோய். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேரூன்றும். படிப்படியாக அதை எதிர்கொள்ளப் பழக்குகிறது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. சிகிச்சையாளர் துணையோடு இணையவழி செய்தாலும் அது பலன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஓரறை வீட்டில் தனிமை ஏது என்பது நியாயமான கேள்வி. ஆனால் கிளினிக் வாசல் வாங்கில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று திரும்பிப் போகிறவருக்கு, கிணற்றடியில் நின்று பேசும் அரைமணி நேரம் பெரிது. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தவர் மட்டும் திரைக்காகக் காத்திருக்கக் கூடாது: உடனே ஆஸ்பத்திரி, அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம்.