கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்!

எங்க தெருவுல ஒரு பொம்பளப் புள்ள. மூணாம் வகுப்பு. திங்கக்கெழமை விடிஞ்சா வயித்து வலி. சனி, ஞாயிறுன்னா வலியே கெடையாது. ஆத்தாக்காரி ஓமத்தண்ணி குடுத்துப் பாத்தா. மந்திரிச்சுக் கயிறு கட்டுனா. அப்பன்காரன் 'நடிக்கிறியா'ன்னு வெளக்குமாத்துக் குச்சியால நாலு வச்சான். வலி நிக்கல. ஒருநா சாயங்காலம் பக்கத்துல உக்காந்து தலையத் தடவிக் கேட்டப்பத்தான் வாயத் தெறந்துச்சு: "கக்கூசு கழுவ எங்க தெருப் புள்ளைகளத்தான் கூப்புடுறாங்க. கழுவிட்டு வந்தா யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்க."

வலி வயித்துல இல்ல தோழர்களே. பள்ளிக்கூடத்துல இருந்துச்சு.

இப்போது எங்கே பார்த்தாலும் குழந்தை மனசு, வளரிளம் பருவச் சிக்கல், நடத்தைக் கோளாறு, கவுன்சிலிங் என்று பேசுகிறார்கள். பேசட்டும். நமக்கும் வேண்டியதுதான். ஆனால் இவர்களுடைய பாடத்தில் அம்மா அப்பா வருகிறார்கள், மார்க்கு வருகிறது, செல்போன் வருகிறது. சாதி மட்டும் வருவதில்லை. நம்ம புள்ள பேசாம இருந்தா மந்தம். எதிர்த்துப் பேசுனா ரவுடி. பள்ளிக்கூடம் வராம நின்னா 'அதுகளுக்குப் படிப்பு ஏறாது'. அடிபட்டவனுக்கு நோய்ப் பெயர் வைக்கிறார்கள். அடிக்கிறவனுக்கு வைக்க ஒரு பெயரும் இவர்களிடம் இல்லை.

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டு. பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன். நன்றாகப் படிக்கிற பையன். திடீரென்று பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டான். புத்தகப்படி அது நடத்தைக் கோளாறு. விசாரித்தபோதுதான் தெரிந்தது, கூடப் படிக்கிற ஆதிக்கசாதிப் பையன்கள் அவனைப் படுத்திய பாடு. வாயைத் திறந்து சொன்னான். பள்ளிக்குப் புகார் போனது. அன்று இரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கச்சியையும் விடவில்லை. 'டீச்சர்ட்ட சொல்லு கண்ணு' என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சொன்ன பிள்ளைக்குப் பின்னால் ஊர் நிற்க வேண்டும். அந்தப் பையன் மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்து, 2024இல் 600க்கு 469 மார்க்கு வாங்கினான். படிப்பு ஏறாத சாதியாம்!

வெட்டியவர்களும் பிள்ளைகள்தானே என்கிறார்கள். ஆமாம், பிள்ளைகள்தான். எந்தப் பிள்ளையும் கையில் கலர் கயிறோடு பிறப்பதில்லை. அதைக் கட்டிவிட்ட கை எது? அப்பன் கை, சித்தப்பன் கை, சாதிச் சங்கத்துக் கை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போன 11ஆம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். நடத்தைக்கு வைத்தியம் பார்ப்பதென்றால் முதலில் அந்த வீடுகளுக்குப் போங்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு கூடாது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கு. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது. 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலரைப் போடு என்றெல்லாம் சொன்னது. உடனே சிலருக்கு எரிந்தது. கயிறு பண்பாடாம். நெற்றியில் வைப்பது நம்பிக்கையாம். நம் பிள்ளையின் விரல் என்னவாம்?

திண்டுக்கல்லுக்கு வருவோம். வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் போனால் ரோட்டோரமெல்லாம் நூல் மில்லு. பதினஞ்சு வயசுப் புள்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, பேசாம, சோறு திங்காம கெடந்தா நம்ம வீடுகள்ல என்ன சொல்றோம்? 'வயசுக்கு வந்த புள்ள, கண்டதையும் நெனைக்கும், மில்லு வேன்ல ஏத்தி விட்டுரு.' சுமங்கலித் திட்டம் என்று அதற்கு ஒரு மங்களகரமான பெயர் வேறு. மூன்று வருசம் விடுதியில் கிட, ராத்திரி ஷிப்ட்டு பாரு, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்றார்கள். பேசாத பிள்ளையை இன்னும் பேச முடியாத இடத்துக்கு அனுப்பினோம்.

2021 ஜனவரியில் நம் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் ஆலை மேற்பார்வையாளர். அதன்பின் தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பாலியல் தொல்லையைத் தொழிலாளிகளே கண்காணித்துப் புகார் செய்ய வழி பிறந்தது. வாயில்லாப் பூச்சிகள் என்று நினைத்த பெண்கள் பேசினார்கள். சங்கம் பக்கத்தில் இருந்ததால் பேச்சு வந்தது. மனசு திறக்கிற வழி இதுதான்.

இனி நம் முதுகையும் பார்ப்போம். எத்தனை தகப்பன்மார் பள்ளிக்கூடத்துல போயி, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்"னு சொல்லிட்டு வந்திருக்கோம்? 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் சாதி இந்துக்களின் குடத்துத் தண்ணீரைக் குடித்தாள் என்று வாத்தியார் அடித்த அடியில் ஒரு தலித் சிறுமிக்குப் போனதே கண்தான். கண்ணையும் விடமாட்டார்கள் தோழர்களே! குச்சியை நாமே எடுத்துக் கொடுக்கலாமா? பண்ணையில் வாங்கிய அவமானத்தை, டாஸ்மாக் வாசலில் ஏற்றிக்கொண்ட கோபத்தைப் பிள்ளை முதுகில் இறக்குகிறோம். சாதி நம் கையாலேயே நம் வீட்டுக்குள் அடிக்கிறது. பிறகு பிள்ளை நம்மிடம் எதைச் சொல்லும்?

சாதாராவில் பள்ளியில் படித்த சிறுவன் அம்பேத்கர், தான் உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்து சுமந்து போனார். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருந்தார். வளர்ந்து சட்ட மேதையான பிறகும் அந்தச் சாக்கை மறக்காமல் எழுதி வைத்தார். சின்னப் பிள்ளை, மறந்துவிடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே, இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம். வயித்து வலி, படுக்கையில மூத்திரம், கிழிஞ்ச நோட்டு, திடீர்க் கோவம், திடீர் மவுனம், எதைப் பாத்தாலும் கைய ஓங்காதீங்க. 'ஏன் போகல'ன்னு கேக்காதீங்க, 'யாரு என்ன சொன்னாங்க'ன்னு கேளுங்க. சொன்னதைப் பொய்யின்னு தள்ளாதீங்க. தேதி போட்டு எழுதி வையுங்க. பள்ளிக்குத் தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடியையும் மன உளைச்சலையும் தடை செய்கிறது. சாதி சொல்லி இழிவு செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1098க்குப் பிள்ளையே போன் போடலாம். 'செத்துரலாம் போலிருக்கு' என்று ஒரு வார்த்தை வந்தால் கோடாங்கியைத் தேடாதீர்கள். தனியே விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், 14416க்குப் பேசுங்கள். அதில் வெட்கமில்லை. தெருவுக்குத் தெரு மாலைப் பாடசாலை வையுங்கள். பாடம் முடிந்ததும் அரைமணி நேரம் பிள்ளைகள் பேசட்டும், பெரியவர்கள் வாயை மூடிக் கேட்போம்.

அந்த மூணாம் வகுப்புப் புள்ளைக்காக ஏழு பேர் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கக்கூசு கழுவ விடுறது அன்னையோட நின்னுச்சு. அடுத்த திங்கக்கெழமை அவளுக்கு வயித்து வலி வரல.