மானுக்கு வைக்கும் தீனியும் ஒட்டகத் தண்ணீர்த் துறையும்

வேட்டைக்குப் போகிறவர் காட்டில் ஒரு மூட்டை மக்காச்சோளத்தைக் கொட்டி வைக்கிறார். அதைத் தின்ன வரும் மானை மறைவிலிருந்து சுடுகிறார். இதை அனுமதிக்கலாமா, தடை செய்ய வேண்டுமா? அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் பல ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் சண்டை இது. மான் வேட்டையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு நமக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் நோய்த்தொற்று பற்றி நம்மிடையே 2020ல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது கிளம்பிய அதே கேள்விதான் அங்கே வேறு உருவில் நிற்கிறது.

பிரச்சினையின் மையம் மான்களை உருக்குலைத்துக் கொல்லும் ஒரு நோய். ஊடகங்கள் இதற்கு 'ஸோம்பி மான் நோய்' என்று பெயர் வைத்துப் பரபரப்பாக்கின. 1967ல் கொலராடோவில் ஆய்வுக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த மான்களிடம் இது முதலில் கவனிக்கப்பட்டது. இன்று 30க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் இருக்கிறது. காரணம் வைரஸோ பாக்டீரியாவோ அல்ல. வடிவம் திரிந்த 'பிரியான்' என்ற புரதம். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, பிடித்த மான் பிழைப்பதில்லை. தொற்றிய பிறகும் ஓராண்டுக்கு மேல் மான் ஆரோக்கியமாகவே தெரியும். அதற்குள் எச்சில், சிறுநீர், சாணம் வழியே பிரியான் வெளியேறி, மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும்.

இப்போது சோளக் குவியலை நினைத்துப் பாருங்கள். காட்டில் பரவலாக மேயும் மான்கள் ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரசித் தின்கின்றன. ஒன்றின் எச்சில் பட்டதை இன்னொன்று தின்கிறது. தடையை ஆதரிப்போரின் வாதம் இவ்வளவுதான்.

மிச்சிகனுக்கு இன்னொரு பழைய கவலையும் உண்டு. 1990களில் அதன் வடகிழக்குப் பகுதி மான்களிடம் மாட்டுக் காசநோய் பரவியிருப்பது தெரிந்தது. மானிடமிருந்து பண்ணை மாடுகளுக்கு அது தொற்றினால் பால், இறைச்சி வியாபாரமே ஆடிப்போகும். 2008ல் ஒரு மான் பண்ணையில் பிரியான் நோய் கண்டதும் கீழ்த் தீபகற்பம் முழுவதும் தீனி வைக்கத் தடை வந்தது, 2011ல் தளர்த்தப்பட்டது. 2015ல் காட்டு மானிடமே நோய் கண்டுபிடிக்கப்பட, 2019ல் மீண்டும் தடை. அதை நீக்க சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2020ல் ஆளுநர் க்ரெட்சென் விட்மர் வீட்டோ செய்தார். முயற்சிகள் அதோடு நிற்கவில்லை.

எதிர்ப்பவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. சிறு நிலம் வைத்திருப்பவர், நடந்து தேட முடியாத முதியவர், தீனிக்கென்று கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போன்ற சர்க்கரைபீட்டும் விற்றுப் பிழைக்கும் விவசாயி எனப் பலர் அதில் இருக்கிறார்கள். மான்கள் சோள வயலிலும் கூடித்தானே மேய்கின்றன என்று கேட்கிறார்கள். தடையால் வேட்டையாடுவோர் குறைந்தால் மான்கள் பெருகி நோய் இன்னும் பரவும் என்கிறார்கள். விஸ்கான்சினில் ஒரு மாவட்டத்தில் நோய் கண்டால் அங்கு 3 ஆண்டுகள், 10 மைலுக்குள் இருக்கும் பக்கத்து மாவட்டத்தில் 2 ஆண்டுகள் தடை என்பது சட்டம். நோய் அங்கு 2002ல் கண்டறியப்பட்டது. இத்தனை ஆண்டுத் தடைக்குப் பிறகும் பரவிக்கொண்டேதான் இருக்கிறது, பிறகு எதற்குத் தடை என்பது அவர்களின் வலுவான கேள்வி. பரவல் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் தடை இல்லாதிருந்தால் வேகம் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தக் கேள்வி கணக்கில் எடுப்பதில்லை.

நம் மார்க்கத்தில் இதற்கு நேரான ஒரு வழிகாட்டல் உண்டு. நோயுற்ற ஒட்டகங்களை வைத்திருப்பவர், ஆரோக்கியமான ஒட்டகங்கள் உள்ளவரின் தண்ணீர்த் துறைக்கு அவற்றைக் கொண்டுவரக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. பாலைவனத்தின் தண்ணீர்த் துறை என்ன வேலை செய்ததோ அதையே இந்தச் சோளக் குவியல் செய்கிறது. தொற்று என்பது கிடையாது என்ற நபிமொழியும் அதே நூல்களில்தான் இருக்கிறது. அப்போது ஒரு கிராமவாசி, மான்களைப் போலத் துள்ளிய என் ஒட்டகங்களிடையே ஒரு சொறி ஒட்டகம் புகுந்து எல்லாவற்றுக்கும் சொறி பிடிக்கச் செய்கிறதே என்று கேட்டார். அப்படியானால் முதல் ஒட்டகத்துக்குத் தொற்றவைத்தது யார் என்று நபி (ஸல்) திருப்பிக் கேட்டார்கள். நோய் தன் சொந்த ஆற்றலால் தாவுவதில்லை, அல்லாஹ்வின் நாட்டப்படி காரணங்கள் வழியே வருகிறது. எனவே காரணத்தைத் தவிர்ப்பது நம் கடமை என்று பைஹகீ, இப்னு ஸலாஹ் போன்ற இமாம்கள் இரண்டையும் இணைத்து விளக்கினார்கள். 2020ல் முதல் ஹதீஸை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் வாட்ஸ்அப்பில் பரப்பியவர்களை நாம் இன்னும் மறக்கவில்லை.

தீங்கைத் தடுப்பது நன்மையைத் தேடுவதற்கு முந்தியது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. இங்கே லாபம் வேட்டைக்காரருக்கு. நஷ்டம் பக்கத்து நிலத்து மானுக்கும் மாட்டுக்கும் அடுத்த தலைமுறைக்கும். ஆகவே தடை சரி என்றே நமக்குப் படுகிறது. ஆனால் அது ஏழை வேட்டைக்காரரின் மூட்டையோடு நின்றுவிடக் கூடாது. வேலி போட்ட பண்ணைகளில் மான்களை அடைத்து வளர்ப்பதும், அவற்றை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்வதும் பணக்காரத் தொழிலாகத் தொடர்கின்றன. மிச்சிகனில் நோய் முதலில் தென்பட்டதே அப்படியொரு வேலிக்குள்தான். அந்த முதலாளிகளைக் கேட்காமல் சோள மூட்டையை மட்டும் பிடிப்பதை நீதி என்று எப்படிச் சொல்வது?

மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் பரவியபோதும் இப்படித்தான் சொன்னார்கள். 1990ல் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்கள் முன் தன் சிறு மகளுக்கு பர்கர் கொடுத்துக் காட்டினார். 1996ல் அரசே தொற்றை ஒப்புக்கொண்டது. அங்கு 170க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டும் ஒரே நோய் அல்ல, ஒரே இனம்தான். எனவே பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

அமெரிக்காவில் முஸ்லிம்களும் பிஸ்மில்லாஹ் சொல்லி மான் வேட்டையாடுகிறார்கள். (துப்பாக்கிக் குண்டால் கொன்றது பற்றிய ஃபிக்ஹ் விவாதம் தனி, இங்கே அதற்குள் போகவில்லை.) ஹலாலான பிராணி என்பதால் மட்டும் சோதிக்காமல் உண்ணலாம் என்று ஆகாது. நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமே சொல்கிறது. விஸ்கான்சினில் சோதனை இலவசம். அங்கே இருக்கும் உறவினருக்கு இதை அனுப்புங்கள்: முடிவு வரும்வரை அந்த இறைச்சி ஃப்ரீசரில் தனியாக இருக்கட்டும், யாருக்கும் பங்கிட வேண்டாம்.