பட்டியலை நாமேதான் வரைய வேண்டுமா?

விண்டோஸ் மென்பொருள் எழுதுவோரிடம் ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக வேரோடியிருக்கிறது. லிஸ்ட்பாக்ஸ், லிஸ்ட்வியூ போன்ற பட்டியல் கண்ட்ரோல்களின் தோற்றம் மாற வேண்டுமானால், ஒவ்வொரு வரியையும் நாமே வரைந்துகொள்வதுதான் வழி என்பது அது. சிலர் ஒருபடி மேலே போய், இருக்கிற கண்ட்ரோலையே தூக்கிப்போட்டுவிட்டு வெற்றுச் சாளரத்தில் புதிதாக ஒன்றைக் கட்டுகிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் காரணங்களில் பெரும்பாலானவை நிற்காது.

‘சிஸ்டம் தரும் பட்டியல் வளைந்துகொடுக்காது’ என்பார்கள். 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3-உடன் வந்த காமன் கண்ட்ரோல் நூலகத்தின் 4.70 பதிப்பிலேயே ‘கஸ்டம் டிரா’ வசதி வந்துவிட்டது. லிஸ்ட்வியூ தன்னை வரையத் தொடங்கும் முன் நிரலுக்குச் சேதி அனுப்புகிறது. ‘ஒவ்வொரு வரிக்கும் என்னைக் கேள்’ என்று நிரல் பதில் சொன்னால், வரிதோறும் மறுபடி கேட்கிறது. அப்போது எழுத்தின் நிறம், பின்னணி நிறம், எழுத்துரு ஆகியவற்றை மாற்றிக்கொடுத்தால் போதும். மீதியைக் கண்ட்ரோலே வரைந்துவிடும். அடுத்து வந்த 4.71 பதிப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. நிலுவை வைத்திருப்பவர்களின் பெயரைச் சிவப்பில் காட்ட இருபது வரி நிரல்கூட வேண்டாம். அதற்காக, வரி முழுவதையும் நாமே வரையும் ‘ஓனர் டிரா’ முறைக்குப் போனால் வரியின் பின்னணி, தேர்வு நிறம், ஐகான், நெடுவரிசைகள் எல்லாம் நம் தலையில் விழும்.

தேர்வு நிறம் பழைய பாணியில் இருக்கிறது என்ற குறைக்கும் விடை உண்டு. விஸ்டா முதல், ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற தோற்றப் பாணியை லிஸ்ட்வியூவுக்குப் பொருத்த ஒரே ஒரு ஃபங்ஷன் அழைப்பு போதும்.

வேகத்தைக் காரணம் காட்டுவோர் நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து தேடுகிறார்கள். லட்சம் வரி கொண்ட பட்டியல் திணறுவது பெரும்பாலும் வரைவதால் அல்ல, லட்சம் வரிகளையும் முன்கூட்டியே உருவாக்கி நிரப்புவதால். விர்ச்சுவல் லிஸ்ட்வியூ வரிகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. திரையில் தெரிகிற வரிகளுக்கு மட்டும் நிரலிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. 2006-இல் வந்த டபிள்யூபிஎஃப் என்ற இடைமுகக் கட்டமைப்பில், லிஸ்ட்பாக்ஸ் திரையில் தெரிகிற வரிகளை மட்டும் உருவாக்குவதை இயல்பாகவே செய்கிறது. அதை ஸ்க்ரோல்வியூவருக்குள் இருக்கும் ஸ்டாக்பேனலில் வைத்தால், தனக்கு எல்லையில்லா உயரம் கிடைத்ததாக எண்ணி எல்லா வரிகளையும் உருவாக்கிவிடுகிறது. கெடுத்தது கண்ட்ரோல் அல்ல, அதை வைத்த இடம்.

அடுத்த வாதம்தான் தமிழர்களை நேரடியாகத் தொடுகிறது: ‘எழுத்துதானே, வரைவதில் என்ன சிரமம்?’ ‘கொடைக்கானல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 11 குறியெண்கள். ‘கொ’ என்பது நினைவகத்தில் ககரமும் அதன் பின்னால் ஒகரக் குறியுமாக இருக்கிறது. திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். குறியெண்ணை ஒவ்வொன்றாக எடுத்து வரையும் நிரலில் ககரம் தனியாகவும் உயிர்க்குறி ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டும் வந்து நிற்கும். இடம் போதாதபோது ஐந்தாவது குறியெண்ணோடு வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்தால், க் தன் புள்ளியை இழந்து ‘கொடைக…’ என்றாகிவிடும். முழுச் சொல்லையும் சிஸ்டத்தின் எழுத்து வரையும் ஃபங்ஷனிடம் கொடுத்து, முடிவில் மூன்று புள்ளி வைக்கும்படி கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 2000 தொடங்கித் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வேலையை அது செய்துவருகிறது.

உயரமும் அப்படியே. ஆங்கிலத்தை மனதில் வைத்து வரிக்கு 16 பிக்சல் என்று முடிவு கட்டினால், கூ, ழு போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படலாம். திரையின் அளவீட்டை 150 விழுக்காடாக்கினால் நிலைமை இன்னும் மோசம். ஒரே உயரம் கொண்ட ஓனர் டிரா பட்டியல், தான் உருவாகும்போது ஒரே முறைதான் வரியின் உயரத்தை நிரலிடம் கேட்கிறது. பிறகு திரை மாறினாலும் அந்தப் பழைய எண்ணே நிற்கும்.

கடைசியாக, ‘தோற்றம் மட்டும்தானே மாறுகிறது’ என்ற வாதம். ஆபத்தான வாதம் இதுவே. ஓனர் டிரா லிஸ்ட்பாக்ஸில் சொற்களைக் கண்ட்ரோலே வைத்திருக்கும்படி சொல்லாவிட்டால், அதனிடம் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் மட்டுமே இருக்கும். கண் தெரிந்தவருக்குப் பெயர் தெரிகிறது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ‘இந்த வரியின் பெயர் என்ன?’ என்று கேட்டால், கண்ட்ரோலிடம் சொல்ல எதுவும் இல்லை. முதலெழுத்தைத் தட்டி அந்த வரிக்குத் தாவும் வசதியும் தானாகக் கிடைக்காது. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமானது, தமிழிலும் கிடைக்கிறது. அதை நம்பி ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு, அழகாக வரையப்பட்ட அந்தப் பட்டியல் மூடிய கதவு.

முழுதும் வரைய வேண்டிய சந்தர்ப்பமே இல்லையா? உண்டு. வரிக்குள் ஒரு முன்னேற்றப் பட்டையோ சிறு வரைபடமோ வேண்டுமானால் வரையத்தான் வேண்டும். அப்போதும் கட்டத்தின் உட்புறத்தை மட்டும் வரைந்து, தேர்வையும் விசைப்பலகையையும் கண்ட்ரோலிடமே விடலாம். க்யூட்டி என்ற இடைமுகக் கட்டமைப்பில் டெலிகேட் இருப்பது இதற்காகத்தான். அதிலும் நிறம், எழுத்துரு மட்டும் மாற வேண்டுமானால் வரையும் ஃபங்ஷனைத் தொடாமல், அதற்கு முன் விருப்பங்களை நிரப்பும் ஃபங்ஷனை மாற்றி எழுதினால் போதும்.

பட்டியலை வெளியே அனுப்பும் முன் நிரலர்கள் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கட்டும். மவுஸை ஓரமாக வைத்துவிட்டு அம்புக்குறி விசைகளால் நகர்ந்து பாருங்கள். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரின்ட் ஸ்க்ரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தி, உயர் மாறுபாட்டு நிறங்களில் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். ‘கொடைக்கானல்’ என்று ஒரு வரி சேர்த்து நெடுவரிசையைக் குறுக்குங்கள். பிறகு என்விடிஏ-வை இயக்கி, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.