மண்ணறிந்தவனுக்கு எந்திரம் வேண்டாவா?



“ஐயா, அகவை 48 ஆகிவிட்டது. எந்திரத்தை எல்லாம் இளைஞர்களிடம் விட்டுவிடுங்கள்!” மண்பாண்டக் கலையைக் கற்பித்துக்கொண்டே முப்பரிமாண அச்சுப்பொறியைக் கற்றுவரும் எனக்கு நம்மவர் சிலர் வழங்கும் அறிவுரை இது. கனிவாகத் தோன்றினாலும் அடிப்படையிலேயே தவறான அறிவுரை என்பேன்.

களிமண் அச்சுப்பொறி செய்வதுதான் என்ன? குழைத்த மண்ணைக் குழாயில் அடைத்து, முனைவழியே திரியாகப் பிதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்குகிறது. சக்கரம் தோன்றுமுன்பே மாந்தன் கையால் செய்த அதே வேலை! கணினி காட்டுவது திரி செல்லும் பாதையை மட்டுமே. மண்ணில் காற்றுக்குமிழி இருந்தால் திரி அறும். நீர் மிகுந்தால் சுவர் சரியும். சீராக உலராவிட்டால் வெடிப்பு விழும். சூளையில் எவ்வளவு சுருங்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இவற்றைப் பல்லாண்டு மண் பிசைந்த விரல்களே அறியும்.

இங்கிலாந்தில் வாழும் ஜொனதன் கீப் பொறியாளர் அல்லர்; பட்டறிவுமிக்க குயவர். நடுவயதில் கணினி நிரல் கற்று, களிமண் அச்சுப்பொறியைத் தாமே அமைத்து, அதன் வடிவமைப்பை இணையத்தில் இலவசமாக வழங்கினார். 2002ஆம் ஆண்டிலேயே மராட்டிய மாநிலத்துப் பாபல் சிற்றூரின் விஞ்ஞான் ஆசிரமத்தில் எண்ணிமப் பட்டறை தொடங்கியது. ஒரு சிற்றூரால் முடிந்தது, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மால் முடியாதா?

மண் நமக்கு அயலானதும் அன்று. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்தபின் நகரம் செங்கல்லால் எழுந்தது. அந்தச் செங்கற்சூளைகள் தந்த பெயர்தான் பிரிக்பீல்ட்ஸ். கோல சிலாங்கூரில் தமிழர் இன்றும் பொங்கற்பானை வனைகின்றனர்.

“எந்திரம் கைத்திறனைக் கொன்றுவிடும்” என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் கைத்திறனைக் கொல்வது எந்திரமா? யாரோ வரைந்த கோப்பை இணையத்தில் இறக்கி, நெகிழியில் சாவிக்கொத்து அச்சிட்டு, அதைப் ‘புத்தாக்கம்’ என்று பாராட்டுகிறோமே, அந்தப் போக்கல்லவா கொல்கிறது! மண்ணைத் தொட்டறியாதவரிடம் எந்திரத்தையும், எந்திரத்தைத் தொடவிடாமல் மண்ணறிந்தவரை ஓரத்திலும் வைத்தால் வேறென்ன விளையும்?

‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடம் நம் பள்ளிகளில் இருக்கிறது. மாணவர் முதலில் கையால் ஒரு பானை வனையட்டும். பின்னர் அதையே கணினியில் வரையட்டும். நடுவயது ஆசிரியருக்குப் பயிற்சியும் பழக நேரமும் கொடுங்கள். கோல சிலாங்கூர்க் குயவரைப் பள்ளிக்கு அழையுங்கள்.

சக்கரமும் ஒருகாலத்தில் புது எந்திரமே. அன்றைய குயவன் அதை இளையவரிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால், நம் வீட்டில் பொங்கற்பானை இருந்திருக்குமா? சிந்திப்போம்!