பாலர் கல்வியும் பணிச்சோர்வும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையேயுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் கண்டதாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்துப் பெருமை கொண்டான். அப்பெருமை நியாயமானதே; பாறைக்குக் களைப்பு என்பது இல்லை. ஆனால், தக்க சம்பளம், உத்தியோக ஸ்திரம், ஓய்வு, ஒத்தாசை ஆகிய நான்குமின்றிப் பாலர் கல்வி என்னும் ஆலயத்தை எழுப்பிவிடலாம் என்று நமது சர்க்கார்கள் எண்ணுவது எங்ஙனம் நியாயமாகும்?

1975-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் ஏற்பட்டன. அங்குள்ள பெண்மணி பாட்டும் கதையும் கற்பிக்கும் உபாத்தியாயினி மட்டுமல்லள். குழந்தையின் எடையைப் பார்க்கவேண்டும், உணவைக் கவனிக்கவேண்டும், கர்ப்பிணிகளின் வீடுதோறும் செல்லவேண்டும், பதிவேடு எழுதுவதுடன் கைப்பேசிச் செயலியிலும் கணக்கை ஏற்றவேண்டும். இத்தனைக்கும் சர்க்கார் சூட்டிய பட்டம் ‘கௌரவ ஊழியர்’ என்பதே! மத்திய சர்க்கார் 2018-ல் உயர்த்தியளித்த மாதத் தொகை ரூ. 4,500. ராஜ்ய சர்க்கார் தன் பங்கைச் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருவது மெய்யே. ஆயினும், மற்ற சர்க்கார் ஊழியருக்குரிய முழு ஊதிய விகிதம் அன்று அது.

2019 ஜனவரியில் 2,381 மையங்களில் மழலையர் வகுப்புகள் திறக்கப்பட்டன. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் அங்கு அனுப்பப்பட்டனர். 2022-ல் திரும்ப அழைக்கப்பட்டனர். வகுப்புகளே நின்றுவிடும் என்ற நிலையில் கண்டனம் எழவே, அவை தொடர்ந்தன. ஆனால் புதிதாக வந்த தற்காலிக ஆசிரியைகளுக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் ரூ. 5,000! நாளை வேலை உண்டோ இல்லையோ என்று அஞ்சுபவர் குழந்தையின் அச்சத்தை எவ்வாறு போக்குவார்?

“தாயுள்ளம் உடையோருக்குச் சோர்வு ஏது?” என்று சிலர் கேட்பர். இது புகழ்ச்சியன்று, கூலியைக் குறைப்பதற்கான தந்திரம். ஓயாத களைப்பு, வேலையில் வெறுப்பு, தன் திறமையிலேயே நம்பிக்கையின்மை ஆகிய மூன்றும் கூடிய நிலையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வரையறுத்தபோது, அதை நோய் என்று கூறவில்லை. சரியாகக் கையாளப்படாத தொழில் நெருக்கடியின் விளைவு என்றே கூறிற்று. ஆகவே, குற்றம் பெண்மணிகளின் மனத்திலன்று. வேலையின் அமைப்பில் உள்ளது. தியான வகுப்பும் உபதேசமும் இதற்கு மருந்தாகா.

அங்கன்வாடி ஊழியர் வகிப்பது சர்க்கார் பதவியன்று என 2006-ல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டே, 2022-ல் அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. கதவு சிறிது திறந்திருக்கிறது. அதை முழுதும் திறப்பது சர்க்காரின் கடமை. முறையான ஊதிய விகிதமும் ஓய்வூதியமும் வேண்டும். கற்பிப்பவர் ஒருவர், கணக்கெழுதுபவர் வேறொருவர் என்று பிரிவினை வேண்டும். காலியிடங்களை உடனுக்குடன் நிரப்பவேண்டும்.

தேசத்தின் எதிர்காலம் குழந்தைகள் கையில் என்று மேடைதோறும் முழங்கும் அன்பர்கள், அக்குழந்தைகள் யார் கையில் இருக்கிறார்கள் என்பதையும் சற்றுச் சிந்திப்பார்களாக. கௌரவம் என்ற சொல்லைக் கொண்டு அடுப்பெரியாது.