கடைக்கே வராத பொம்மைக்கு ஏன் இத்தனை விலை?

போபா ஃபெட். ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் வில்லன். உள்ளங்கைக்குள் அடங்கும் அவனுடைய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று 2024இல் அமெரிக்காவில் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது.

"ரேர் பீஸ் சார், அதான்" என்பார்கள். சரி, அது ஏன் ரேர் ஆச்சு?

1979இல் கென்னர் நிறுவனம் ஒரு விளம்பரம் கொடுத்தது. நாலு ஸ்டார் வார்ஸ் பொம்மை வாங்கியதற்கான அத்தாட்சியை அனுப்பினால் இந்த போபா ஃபெட் இலவசம். அவன் முதுகிலிருந்து ஸ்பிரிங் விசையில் ஒரு குட்டி ராக்கெட் பாயும்.

அதே காலகட்டத்தில்தான் மேட்டல் நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை தொண்டையில் சிக்கி 4 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான்.

கென்னர் பின்வாங்கியது. ராக்கெட் அசையாதபடி பொருத்திய பொம்மையைத்தான் பிள்ளைகளுக்கு அனுப்பியது. ராக்கெட் பாயும் சில மாதிரிகள் மட்டும் தங்கிவிட்டன. இன்றைக்கு லட்சம் டாலர்களுக்குப் போவது அவைதான்.

சேகரிப்பாளர்கள் ஒரு மாதிரி கையில் கிடைத்தால் முதலில் அதன் முதுகைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். ராக்கெட்டின் பிடி நகரும் பள்ளம் சிலவற்றில் ஆங்கில 'எல்' வடிவம், சிலவற்றில் 'ஜே' வடிவம். 'எல்' வடிவத்தில் பிடி எளிதில் நழுவும். இன்னும் இறுக்கமாகப் பிடிக்கத்தான் 'ஜே'. ஆக, பூட்டை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் ராக்கெட் பாய்வதையே கைவிட்டார்கள்.

ஒரு டாக்டராக நான் அந்தப் பள்ளத்தில் படிப்பது இதைத்தான்: "எச்சரிக்கை ஒட்டினா போதும்"னு அவங்க நிற்கல. ஆபத்தையே எடுத்துட்டாங்க.

இதனால் எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள்? யாராலும் எண்ண முடியாது. தடுக்கப்பட்ட மரணத்துக்கு கேஸ் ஷீட் கிடையாது. அதனால்தான் தடுப்பு நடவடிக்கை எல்லாம் நமக்கு "ஓவர் பில்டப்" மாதிரி தெரியுது. "நாங்கல்லாம் விளையாடலையா?" என்று கேட்பவர்கள் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் வந்து கேட்க மாட்டார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் வாங்கினாலும் அதைத் தேடுங்கள். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு, சுமார் 3 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் முழுசாக நுழையும் எதையும் கொடுக்காதீர்கள். எதையாவது எய்யும் பொம்மை என்றால் பெரிய பிள்ளைகளுக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

சிக்கிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல்விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும். மூச்சுத்திணறல் முதலுதவியை இன்றே கற்றுக்கொள்ளுங்கள். 108ஐ உடனே அழையுங்கள்.

அந்தப் பொம்மையின் விலையை ஏலக்காரர்கள் சொல்லட்டும். அதன் மதிப்பு, அது கடைக்கு வராமல் போனதில் இருக்கிறது.