உள்ளங்கை அளவு இறப்பரில் ஓடுகிற வீரம்

“நீ ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளை. உனக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும்?”

ஒரு கலியாண வீட்டில் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவர் கார்ப் பைத்தியம் பிடித்த ஒரு சொந்தக்காரப் பொடியன். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் என்னிடம் பதில் இருக்கிறது: நான் பின் சீற்றில் இருந்தனான். ரயரைத் தெரிவு செய்தவர் ஒருவர், அதை நம்பி ஓடினது நாலு பேரின்ர உயிர். பின் சீற்றில் இருந்தவளுக்கு அதைப் பற்றிக் கதைக்க உரிமை இல்லை என்றால் வேறு ஆருக்கு இருக்கு?

2023 கார்த்திகை. வவுனியாவில் ஒரு அந்தியேட்டிக்குப் போய்விட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பி வாறம். கார் பெரியம்மாவின் மகனுடையது. பழைய ஹொண்டா சிவிக், என்ஜின் மாற்றினது, சைலன்சர் மாற்றினது, 17 அங்குல அலோய் றிம் போட்டது. அண்ணா ஓட்டுறார், பக்கத்தில் அம்மா, பின்னுக்கு நானும் தங்கச்சியும். மாங்குளம் தாண்ட மழை கொட்டத் தொடங்கியது. வேகம் எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையில். வீதியில் தண்ணி நின்ற ஒரு இடத்தில் காரின் பின்பக்கம் எங்களை விட்டிட்டுத் தனியப் போகப் பார்த்தது. அண்ணா ஸ்டியரிங்கைத் திருப்பினார், அது கேட்கவில்லை. முழுச்சுற்று ஒன்று சுற்றி, வந்த பக்கத்தையே பார்த்தபடி கானுக்குள் இறங்கி நின்றது. அம்மா “முருகா” என்றது மட்டும் காதில் விழுந்தது. எதிரால் ஒரு பஸ் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அதுக்குப் பிறகு ஒரு கிழமைக்கு வீட்டில் விளக்கம் சொல்லாத ஆள் இல்லை. கண்ணூறு என்றார் அம்மம்மா. காலையில் போகும்போது முறிகண்டியில் நிப்பாட்டித் தேங்காய் உடைக்காமல் போனதுதான் காரணம் என்றார் பெரியம்மா. மழை என்றார் மாமா. “பொடியள் பறக்கிறாங்கள்” என்றார் பக்கத்து வீட்டு ஐயா. ரயர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். ரயரின் பக்கச்சுவரில் டி.ஓ.ரீ என்ற எழுத்துகளோடு தொடங்குகிற ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கங்கள் ரயரின் பிறந்த திகதி: முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருசம். அண்ணாவின் பின் ரயர்களில் இருந்தது 1614. அதாவது 2014ஆம் ஆண்டின் 16ஆவது கிழமை. ஒன்பது வருசத்துக்கு மேல் வயசு போன ரயர். வாங்கும்போது சொல்லப்பட்டது, “தம்பி, ஜப்பான் செக்கன்ட்ஹான்ட், எண்பது வீதம் இருக்கு.” பொய் இல்லை. பூ எண்பது வீதம் இருந்தது. இறப்பர்தான் செத்துப்போயிருந்தது. வெயிலும் காற்றும் இறப்பரை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது நடக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பிளாஸ்டிக் மாதிரி இருந்தது.

இன்னொரு விசயமும் இருந்தது. முன்னுக்கு இரண்டு ரயரும் புத்தம் புதுசு. “என்ஜின் இழுக்கிறது முன் சில்லைத்தானே, புதுசை முன்னுக்குப் போடுவம்” என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். எங்கட ஊரில் முக்கால்வாசிப் பேர் நம்புகிற கதை இது. ரயர் செய்கிற பெரிய கொம்பனிகள் சொல்வது நேர்மாறு: இரண்டு மட்டும் மாற்றுவதென்றால் புதுசு பின்னுக்கு. முன் சில்லு வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின் சில்லு வழுக்கினால் கார் சுழலும். சுழலத் தொடங்கின காரைத் திருப்பி எடுக்கிற கெட்டித்தனம் எங்களில் ஆருக்கும் இல்லை, அண்ணாவுக்கும் இல்லை. முன்னுக்குப் பிடி, பின்னுக்கு வழுக்கல். அந்தக் கார் சுழலுவதற்கென்றே தயார் செய்யப்பட்டிருந்தது.

இனி எங்கட தலைமுறை எல்லாருக்கும் தெரிந்த ஒரு சாவைப் பற்றிச் சொல்லுறன். 2013 நவம்பர் 30, கலிபோர்னியா. ‘ஃபாஸ்ட் அன்ட் ஃபியூரியஸ்’ படங்களின் போல் வோக்கர், நண்பர் ஓட்டின போர்ஷே கரேரா ஜீரீ காரில் போய் விபத்தில் இறந்தார். அவர் ஓட்டவில்லை, பக்கத்துச் சீற்றில் இருந்தார். விசாரணை முடிவு 2014 மார்ச்சில் வந்தது. மணிக்கு 45 மைல், அதாவது ஏறக்குறைய 72 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதியில் கார் 80 தொடக்கம் 93 மைல் வேகத்தில் போயிருக்கிறது. காரில் இயந்திரக் கோளாறு இல்லை. வேகம்தான் காரணம் என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: ரயர்களுக்கு ஒன்பது வயசு, அதனால் காரின் பிடி குறைந்திருக்கலாம் என்று. கோடிக்கணக்கான பெறுமதியான கார், ஒன்பது வயசு இறப்பர்.

அவரின் படத்தைப் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓடுகிற கார்கள் எங்கட பக்கத்திலும் இருக்கின்றன. அந்தக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற ரயரின் வயசை ஒருக்கால் பார்த்தீங்களா?

என்னுடைய குற்றச்சாட்டு இதுதான். எங்கட கார்க் கலாசாரம் சத்தத்துக்கும் வடிவுக்கும் காசு செலவழிக்கிறது, வீதியைத் தொடுகிற ஒரே பொருளில் மட்டும் மிச்சம் பிடிக்கிறது. ஒரு ரயர் வீதியைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. நாலு ரயருக்கும் நாலு உள்ளங்கை. என்ஜினில் எத்தனை குதிரை இருந்தாலும், எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும், எல்லாம் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் வீதிக்குப் போகவேண்டும். என்ஜின் மாற்ற இலட்சங்கள் இருந்தன, பின் ரயருக்குக் காசில்லை. இதை வறுமை என்று ஆரும் எனக்குச் சொல்லவேண்டாம். இது முன்னுரிமை.

இதில் நான் பெரியாக்களின் பக்கமும் இல்லை. “பொடியள் கெட்டுப்போட்டாங்கள்” என்று சொல்லிவிட்டு வெத்திலை போடுகிறவர்களுக்கும் ரயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. காரை நேசிப்பது குற்றமில்லை. புதுக் காருக்கு நாலு சில்லுக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்துத்தான் நாங்கள் எல்லாரும் எடுக்கிறோம். பழத்தை வைக்கக் குனிகிற அந்த நேரத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிற நாலு இலக்கத்தையும் வாசிக்கலாம். இரண்டுக்கும் ஒரே குனிவுதான்.

அரசாங்கத்தையும் விடமுடியாது. வருசா வருசம் வாகன வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கு அதுவும் இல்லை. புகை போகிற குழாயைப் பார்க்கிற நாட்டில் வீதியைப் பிடிக்கிற இறப்பரைப் பார்க்க ஆள் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினவர்கள் 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இந்த ஐந்து வருசமும் நாடு முழுக்க ஓடினது பழைய கார்கள். பழைய காருக்குப் பழைய ரயர் போதும் என்ற நினைப்பும் சேர்ந்து வளர்ந்தது. இதில் ஒரு பகிடி என்னவென்றால், இறப்பர் விளைகிற நாடு இது. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் ரயர்த் தொழிற்சாலை கட்டின நாடு. இன்றைக்கும் வெளிநாட்டுப் போர்க்லிஃப்ட்டுகளுக்குத் திண்ம ரயர் ஏற்றுமதி செய்கிற நாடு. இங்கே நாங்கள் ஜப்பான்காரன் கழற்றி எறிந்த ரயரை ஆசையாகத் தடவிப் பார்த்து வாங்குகிறோம்.

“அப்ப என்ன ரயர் போடச் சொல்லுறாய்?” என்று அந்தப் பொடியன் கேட்டான். சொல்லுறன்.

முதலாவது, றிம்மை யோசியுங்கோ. அந்த மாதிரிக் காருக்குக் கொம்பனி கொடுத்த ரயர் 205/55 ஆர் 16. அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 55 வீதம், றிம் 16 அங்குலம். அண்ணா போட்டது 215/45 ஆர் 17. மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பக்கச்சுவர் 113 மில்லிமீற்றரில் இருந்து 97க்கு இறங்கிவிடும். கொழும்பில் அது வடிவு. ஏ-9 வீதியை விட்டு உள்ளுக்கு இறங்கினால் கிரவலும் கிடங்கும். கிடங்கு விளிம்பில் அடித்தால் அந்த மெல்லிய சுவருக்குள் இருக்கிற நூல் அறுந்து ரயர் கொப்புளிக்கும். கொப்புளித்த ரயர் எப்ப வெடிக்கும் என்று அதுக்கே தெரியாது.

இரண்டாவது, அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணையும் எழுத்தையும் வாசியுங்கோ. 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். 87 என்றால் 545 கிலோ. ‘எச்’ என்றால் 210 கிலோமீற்றர் வேகம் வரைக்கும், ‘வி’ என்றால் 240 வரைக்கும். எங்கட வீதிகளில் ஊருக்கு வெளியே காருக்கு எல்லை 70. ஆகவே வேக எழுத்தைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைக்கிற காருக்குப் பாரம் தாங்குகிற எண்தான் பெரிசு. கொம்பனி கொடுத்ததை விட அதைக் குறைக்கக்கூடாது.

மூன்றாவது, ‘றேஸ் ரயர்’ என்று சொல்லி விற்கிற பாதி வழுவழுப்பான ரயர்களை விடுங்கோ. டோயோ ஆர்888ஆர் மாதிரியானவை உண்மையிலேயே நல்ல ரயர்கள்தான், அவற்றின் இடம் பந்தயத் தடம். அவற்றின் இறப்பர் சூடேறினால்தான் முழுசாகப் பிடிக்கும். தண்ணியை வெளியே தள்ளுகிற வாய்க்கால்களும் அவற்றில் குறைவு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்று மழை பெய்கிற வன்னியில், நின்ற தண்ணியில் அது படகாகிவிடும். இதே விதிதான் தேய்ந்த ரயருக்கும். பூவுக்கு இடையில் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். இறப்பர் அந்த மேட்டுக்குச் சமனாக வந்தால் மிச்சம் இருப்பது 1.6 மில்லிமீற்றர். மழை நாட்டில் அதுவரைக்கும் காத்திருக்கிறது விசர் வேலை. 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுங்கோ.

நாலாவது, பக்கச்சுவரில் இருக்கிற ‘ட்ரக்‌ஷன்’ தரத்தைப் பாருங்கோ. ஏஏ, ஏ, பி, சி என்று இருக்கும். ஈர வீதியில் பிரேக் பிடிக்கிற திறனுக்கான தரம் அது. ஏஏ அல்லது ஏ. அதுக்குக் கீழே வேண்டாம். பக்கத்தில் இருக்கிற ‘ட்ரெட்வெயார்’ இலக்கம் கூடினால் பொதுவாக நெடுங்காலம் ஓடும், குறைந்தால் பொதுவாக நல்லாப் பிடிக்கும். 100 என்று இருந்தால் அது தடத்துக்கு. வேகக் காருக்கென்று செய்த மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் 300. காரை ரசித்து ஓட்டுகிறவருக்கு இந்தச் சுற்றுவட்டாரம் போதும்.

“இதெல்லாம் விலை, எங்கட காசுக்குச் சரிவராது” என்கிறீர்களா? அண்ணா இப்ப என்ன செய்திருக்கிறார் என்று சொல்லுறன். 17 அங்குல அலோயை விற்றார். கொம்பனி றிம்முக்கே திரும்பிப் போனார். நாலும் ஒரே மாதிரி, நாலும் புதுசு, வாங்கும் முன் திகதி பார்த்து வாங்கினது. றிம் விற்ற காசு பாதிச் செலவைத் தாங்கியது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைப் பார்த்து, ரயர் ஆறியிருக்கும்போது காற்று அடிக்கிறார். அதுக்கு ஒரு சதமும் செலவில்லை. கூட்டாளிமார் “மாமாக்களின் கார்” என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

நல்ல ரயர் போட்டால் பறக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. 70இல் இருந்து 100க்குப் போனால் வேகம் பாதிகூட ஏறவில்லை, ஆனால் பிரேக் அடித்து நிற்கிற தூரம் இரண்டு மடங்காகும். ரயர் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இரவில் கனகராயன்குளத்துக்குப் பக்கத்தில் நடுவீதியில் படுத்திருக்கிற மாட்டுக்கு உங்கட ரயரின் பெயர் தெரியாது. லைற் இல்லாத சைக்கிளில் ரியூசன் முடிந்து போகிற பிள்ளைக்கும் தெரியாது.

இந்த வீதி எங்களுக்குச் சும்மா வீதி இல்லை. 2006இல் பூட்டிய பாதை யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பத் திறந்தது. 2009இல் எனக்கு ஐந்து வயசு. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினது நினைவிருக்கு. அவ்வளவுக்கும் தப்பி வந்த அதே அம்மா அன்றைக்கு முன் சீற்றில் இருந்தவ. ஷெல்லுக்குத் தப்பினவ, ஆரோ ஒருவர் கழற்றி எறிந்த ஒன்பது வயசு இறப்பருக்குப் பலியாகியிருப்பா.

அந்தக் கலியாண வீட்டுப் பொடியனுக்கு: தம்பி, உன்ர கார் வடிவாத்தான் இருக்கு. நீ ஐஸ்கிறீம் எடுக்கப் போன நேரம் நான் குனிந்து பார்த்தனான். உன்ர பின் ரயரில் 3813 என்று இருக்கு. பின் சீற்றில் உன்ர தங்கச்சியை ஏத்திக்கொண்டு போகமுதல் அதைக் கழற்று.